ஆர்லிஸ் உட்காராத தொட்டி

டெல்மர் ஹோல்ஸ்ட் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு அன்றைய முதல் காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னும் சரியாக விடியவில்லை. அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஆர்லிஸின் மகள் ஜோலீன்.

"அம்மா போயிட்டாங்க, டெல்மர்."

அவர் காபிப் பாத்திரத்தைத் திரும்ப அடுப்பிலேயே வைத்தார்.

"தூக்கத்துலயேவா?"

"ஆமா. படுக்கப் போகும்போதுகூடத் தொட்டியப் பத்தித்தான் பேச்சு. 'டெல்மர்கிட்டச் சொல்லு, இந்தத் தடவையாவது என்னைத் தூக்கிட்டு மைதானத்தைச் சுத்தி வரணும்'னாங்க. எனக்கு அதெல்லாம் சரிதான். ஃபாதர்கிட்ட எந்த வாயால சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்மா," என்றார் டெல்மர். எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆர்லிஸ் ப்ரோகாஸ்கா அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் ஆண்களோடு ஃபுட்பால் ஆடியவர். அங்கே அப்படி ஆடிய முதல் பெண். புரட்சி செய்யவேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. அந்த நாட்டு ஃபுட்பாலில் பந்தை உதைப்பதற்கென்றே ஒருவர் இருப்பார்; அந்தப் பையன், லாரியில் பன்றி ஏற்றும்போது பலகையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான், அவ்வளவுதான். கோச் ஸ்ட்ரூவ் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். கால்நடை வளர்ப்பு வகுப்பில், "யாருக்காவது உதைக்க வருமா?" என்று கேட்டபோது ஆர்லிஸ் கை தூக்கினார். கோச், ஆர்லிஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து, "நீயாப்பா? எழுந்திரு," என்றார்.

"அவன் இல்ல கோச், நான்."

"நீ எதை உதைச்சிருக்க?"

"எங்க தொழுவத்துக் கூரைக்கு மேல பந்தை உதைப்பேன். அந்தப் பக்கம் அண்ணன் பிடிப்பான். அவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். இப்ப நாய்தான் எடுத்துட்டு வருது."

மறுநாள் மைதானத்தில் உதைத்துக் காட்டினார். ஆர்லிஸுக்கு உதைக்க வரும் என்பதில் அதன்பின் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கே உடை மாற்றுவது என்பதுதான் கல்லூரியையே உலுக்கிய கேள்வி. பேராசிரியர்கள் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் பார்வையாளர் படிகளுக்கு அடியில் பாப்கார்ன் பொரிக்கும் அறையை ஒதுக்கினார்கள். அதனால் அந்தப் பருவம் முழுக்க ஆர்லிஸ் வெண்ணெய் வாசத்தோடுதான் மைதானத்துக்குள் வந்தார். எதிரணியில் மலைபோல நின்ற ஒருவன் நடுவரிடம், "சார், எனக்குப் பசிக்குது. இது நியாயமான ஆட்டமா?" என்று முறையிட்டான். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பசியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்றார்.

அதே அணியில் டெல்மரின் வேலை பந்தைப் பிடிப்பது. பின்பக்கமாக எறியப்படும் அந்த முட்டை வடிவப் பந்தை முழங்காலிட்டு வாங்கி, நுனியில் நிறுத்தி, தையல் பக்கத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆர்லிஸ் ஓடிவந்து உதைப்பார்; இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாகப் போனால் புள்ளி. விரல் தப்பியது ஆர்லிஸின் புண்ணியம் என்று டெல்மர் சொல்வார். அந்த விரலுக்கே அறிவு இருந்தது என்பார் ஆர்லிஸ்.

இனி தொட்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியோடு வருடா வருடம் நடக்கும் ஆட்டத்துக்குப் பரிசு, சிங்கக் கால் வைத்த ஒரு இரும்புக் குளியல் தொட்டி. ஏன் குளியல் தொட்டி என்று யாரும் கேட்டதில்லை. ஜெயித்த அணிக்குக் கடைசிப் புள்ளி எடுத்தவர் சீருடையோடு அதில் உட்கார வேண்டும். மேலே ஐஸைக் கொட்டி, கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவருவார்கள். பிறகு உட்கார்ந்தவர் தன் கையாலேயே தொட்டியின் வெளிப்பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். இன்னொருவர் எழுதக்கூடாது. அந்தக் கல்லூரியில் எல்லோரும் மதித்த ஒரே சட்டம் அதுதான்.

அந்த நவம்பரில் கடைசி நொடியில் ஆர்லிஸ் உதைத்த பந்து இடது கம்பத்தில் மோதி, குறுக்குக் கம்பியில் விழுந்து, அங்கேயே தங்கிவிடலாமா என்று யோசித்து, பிறகு மனமில்லாமல் அந்தப் பக்கம் இறங்கியது. ஜெயித்தாகிவிட்டது. தொட்டி வந்தது. ஐஸ் வந்தது. கூடவே, மாணவியரின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான மிஸ் டால்ரிம்பிள் குடையோடு வந்தார்.

"ஒரு பொண்ணு, இவ்வளவு பேர் முன்னால, குளிக்கிற தொட்டியிலயா? நடக்காது."

"அவ ஹெல்மெட் போட்டிருக்கா, மேடம்," என்றான் ரஸ் வாவ்ரா. அணியிலேயே பெரிய உடம்பு அவனுக்கு.

"ஹெல்மெட் போட்டுக் குளிச்சாலும் குளியல் குளியல்தான்."

"குளிக்கல மேடம். ஐஸ்ல சும்மா உக்காரப்போறா."

"அது இன்னும் மோசம்!"

கோச், தொட்டியைச் சுற்றித் திரை கட்டலாமா என்றார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எதற்குத் தூக்குவது என்றான் ரஸ். அப்படியானால் பந்தைப் பிடித்த டெல்மர் உட்காரட்டும் என்றார் மிஸ் டால்ரிம்பிள்.

"உதைச்சது அவ. நான் ஏறமாட்டேன்," என்றான் டெல்மர்.

பேசி முடிப்பதற்குள் ஐஸ் உருகிவிட்டது. ஆர்லிஸ் அப்பாவின் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். டெல்மரும் ரஸும் தொட்டியை ஏற்றினார்கள். "என்னைத் தூக்கிட்டுச் சுத்தினப்புறம் திருப்பித் தரேன், கோச்," என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அடுத்த வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபுட்பாலையே கைவிட்டார்கள். சில வருடங்களில் இந்தப் பக்கம் கல்லூரியையே மூடினார்கள். தொட்டி ஆர்லிஸின் பண்ணை வேலியோரம் நின்றது. பசுக்கள் அதில் தண்ணீர் குடித்தன. ஆர்லிஸ் கல்யாணம் செய்தார், ஜோலீனைப் பெற்றார், கணவரைப் பறிகொடுத்தார், பால் கறந்தார். பெயரையாவது எழுதிவிடேன் என்று டெல்மர் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான்: "சுத்து முதல்ல. பேரு அப்புறம்."

அடக்கத்தன்று காலையில் பழைய கூட்டாளிகள் ஆறு பேர் வேலியோரம் கூடி, மைதானத்துக்குக் கொண்டுபோகத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். பாசி படிந்த தண்ணீர் போவதைப் பசுக்கள் வரிசையாக நின்று பார்த்தன. ஆறு பேருக்கும் சேர்த்துக் கடவுள் கொடுத்த முழங்கால்களில் பாதிதான் மிச்சம். மற்றதெல்லாம் டாக்டர் கொடுத்தது.

மைதானம் இப்போது தானியக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். அறுவடைக் காலமாதலால் கம்பத்திலிருந்து கம்பம்வரை சோளம் மலையாகக் குவிந்திருந்தது. மலையைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆர்லிஸின் அஸ்திப் பெட்டியை அவருடைய ஹெல்மெட்டுக்குள் வைத்து, ஹெல்மெட்டைத் தொட்டிக்குள் வைத்தார் டெல்மர். பெட்ரோல் பங்கில் வாங்கிய ஐஸை ரஸ் கொட்டினார்.

"இனி அவளுக்கு எதுக்குடா ஐஸ்?" என்று கூட்டாளி ஒருவர் கேட்டார்.

"சட்டம்னா சட்டம். ரஸ், நீ கொட்டுடா," என்றார் டெல்மர்.

"நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு ஃபாதர் சோளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சங்க மேலாளர் ஓடிவந்து, தூக்கு வண்டி தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார் டெல்மர். இரண்டு இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்துத் தூக்கினார்கள். சோளம் கொட்ட வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "தாத்தாங்களா, அடுத்த ஆட்டம் எப்ப?" என்று ஒருவன் கத்தினான். சங்க அலுவலகத்து இயந்திரத்தில் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாசம் வந்த இடத்தில் ரஸ் நின்றுவிட்டார்.

"முடியலன்னா இறக்கிடுங்க, டெல்மர். அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க," என்றாள் ஜோலீன்.

"கோவிச்சுப்பா," என்றார் டெல்மர். "ரஸ், நகருடா."

இறக்கி, மூச்சு வாங்கி, தூக்கி, மறுபடி இறக்கி, புறப்பட்ட கம்பத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை, கையைத் தூக்க ஒருவருக்கும் தெம்பில்லை.

டெல்மர் தன் வண்டியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்தார். இந்த ஒரு தடவை சட்டத்தை மீறி, அந்தப் பெயரைத் தானே எழுதிவிடுவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். பண்ணையில் வேலியைப் பார்த்து நின்ற பக்கத்தைத் துடைத்தபோது அங்கே ஏற்கெனவே டிராக்டருக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது.

"போன மாசம் அம்மா எழுதினது," என்றாள் ஜோலீன். "எழுதிட்டிருக்கும்போது செவலைப் பசு கன்னு போட ஆரம்பிச்சிடுச்சு. வந்து முடிக்கறேன்னு பிரஷ்ஷை அப்படியே போட்டுட்டு ஓடினாங்க."

"தூக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டாளா! பாத்தியாடா?" என்றார் ரஸ்.

"நாம தூக்குவோம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

டெல்மர் டப்பாவைத் திறக்காமலேயே வண்டியில் வைத்தார். அஸ்தியை ஃபாதர் பின்னால் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் தொட்டி வேலியோரம் திரும்பி வந்தது. பசுக்கள் தாகத்தோடு காத்திருந்தன. எழுத்து தெரியும்படி வெளிப்பக்கம் பார்த்து நிறுத்தினார்கள். பெயரின் முதல் எழுத்து முழுதாக இருக்கிறது. இரண்டாவதில் கடைசிக் கோடு இன்னும் இழுக்கவில்லை.