இந்த வருடம் மங்கோலியர்

மீசை ஒட்டுவதற்கு முன்னால் இவர் தவறாமல் மூக்கைச் சிந்திக்கொள்வார். ஒட்டிய பிறகு தும்மினால் மங்கோலியா கையோடு வந்துவிடும். அப்புறம் மனைவியின் மைப் பென்சிலால் கண்ணோரங்களை இழுத்துவிட்டு, கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் ஒரு முறை உறுமிப் பார்ப்பார்.

பதினோரு வருடமாக மல்யுத்த மேடையில் இவர் வெளிநாட்டு வில்லன். ரஷ்யராக இருந்தார், அரபு இளவரசராக இருந்தார், நடுவில் ஆறு மாதம் ஜெர்மானியர். பிறந்து வளர்ந்ததென்னவோ இதே ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில்.

"மேனேஜர் பேப்பர் பாப்பாரு. யாரோட நமக்கு வாய்க்கா வரப்புத் தகராறோ, அடுத்த வாரம் நான் அந்த நாட்டுக்காரன். இந்த வருஷம் ஒருத்தரும் சிக்கல. மங்கோலியான்னு வச்சுக்கோ, அங்கேருந்து யாரு வந்து கேக்கப்போறான்னுட்டாரு."

புது நாடு வந்ததும் மகளின் பள்ளி வரைபடத்தை வாங்கி, தலைநகரம் எது, ஆறு எது என்று பார்த்துவைத்துக்கொள்வார். யாரும் கேட்டதில்லை. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் உள்ளூர் வீரரிடம் தோற்க வேண்டும். மேனேஜர் முன்கூட்டியே எழுதிவைப்பது அது. நடுவர் மூன்று எண்ணும்வரை தோள் விரிப்பை விட்டு எழக்கூடாது. எழுந்தால் வேலை போய்விடும். "விழறதுல நம்மள அடிச்சுக்க ஆளில்ல" என்பார்.

போன மாதம் மாடி வீட்டுக்கு மங்கோலியாவிலிருந்தே ஒரு குடும்பம் குடிவந்தது. அவர்களுடைய எட்டு வயதுப் பெண்ணும் இவர் மகளும் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். இவர் வாசலில் அவர்களைப் பார்த்தால் செருப்புத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

சனிக்கிழமை காலை மகள் சொன்னாள்: "அப்பா, சாயங்காலம் அவளையும் கூட்டிட்டு வரேன். நீ அவங்க நாட்டு ஆளுன்னு சொல்லிட்டேன்."

"அங்க எல்லாரும் அந்த நாட்டத் திட்டுவாங்களேடி."

"அப்ப நீ ஜெயிச்சிடு."

"ஆமா, ஜெயிச்சுட்டு நாளையிலேருந்து வீட்ல உக்காரட்டும்" என்றாள் மனைவி, உள்ளிருந்து.

மாலையில் கூட்டம் வழக்கம்போல மங்கோலியாவை ஊளையிட்டு வரவேற்றது. முன்வரிசையில் மாடி வீட்டுப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று, தன்னந்தனியாகக் கைதட்டத் தொடங்கினாள்.

குறித்த நேரத்தில் உள்ளூர் வீரர் இவரைத் தூக்கிப் போட்டு, மேலே விழுந்து அமுக்கினார். நடுவர் மண்டியிட்டு விரிப்பைத் தட்டினார். ஒன்று. முன்வரிசைக் கைதட்டல் நிற்கவில்லை. இரண்டு. இவர் உடம்பு முறுக்கிக்கொள்வதைப் பார்த்த நடுவர், உதடு அசையாமல், "அண்ணே, வேணாம்ணே" என்றார்.

இவர் இடது தோளை விரிப்பிலிருந்து தூக்கினார்.