பட்டப்பகலில் வந்த பேய்

எழுபதுகளின் தொடக்கத்தில், பெரிய காஞ்சிபுரத்தில் நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு பேய்ப் படம் எடுத்தோம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். என் சித்தப்பா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த சின்ன கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளை ஊமைப் படம்; மொத்தமே ஆறு நிமிடம். பட்டுக்கடைக்கு ஒரு பெண் பேய் வருகிறது. எந்தச் சேலையைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிறது. காட்டிக் காட்டியே கடைக்காரர் மயங்கி விழுகிறார். அவ்வளவுதான் கதை. விளக்குக்கு வழியில்லாததால் எங்கள் பேய் பட்டப்பகலில்தான் வந்தது.

பேயாக நடித்தவன் நண்பன். அவன் கட்டியிருந்தது, இறந்துபோன அவன் அம்மாவின் பட்டுச்சேலை. ஊருக்கெல்லாம் நெய்த அவன் அப்பா, தன் மனைவிக்கென்று நெய்த ஒரே சேலை. கேட்டால் தரமாட்டார் என்று பெட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டோம். கறுப்பு வெள்ளையில் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்ற அசட்டுத் தைரியம்.

தறிக்கு லீவு என்பதால் அமாவாசையன்று ரிலீஸ். பேய்ப் படம் என்றால் இடம் தரமாட்டார்கள் என்று, 'சேலைப் படம்' என்று சொல்லிப் பஜனை மடத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினோம். ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, வேட்டியைத் திரையாகக் கட்டினோம். கேமராவோடு சித்தப்பா கொண்டுவந்திருந்த புரொஜெக்டரை நான் ஓட்ட, நண்பன் திரைக்குப் பின்னால் நின்று பேய்க்குக் குரல் கொடுத்தான். பேய் இடுப்பில் கை வைத்து ஆடி ஆடி நடந்து வந்ததும் மடமே சிரித்தது.

"நிறுத்துபா!"

அவன் அப்பா எழுந்து நின்றிருந்தார். "அந்த முந்தானி என் கை வேலை. எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. நண்பன் வெளிறிப்போய் வெளியே வந்தான். அடி விழப்போகிறது என்று நான் புரொஜெக்டரை நிறுத்தினேன்.

அவர் என்னிடம், "அது நடந்துக்கினு வருதே, அத்த மட்டும் இன்னொரு வாட்டி போடுபா" என்றார்.

போட்டேன். இந்தமுறை அவர் மட்டும்தான் சிரித்தார். "அவ இப்படித்தாம்பா நடப்பா. கடையில எத்தக் காட்னாலும் புடிக்காது. நான் நெய்யறதுதான் வேணும்னு நிப்பா." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

பின்னாளில் கல்யாணங்களைப் படம் பிடிப்பதே என் பிழைப்பானது. மேடைக்கும் சமையற்கட்டுக்கும் நடையாய் நடக்கிற அம்மாக்களை, அவர்களுக்குத் தெரியாமல் ஒரு நிமிடமாவது எடுத்துவிடுவேன். அந்த நடையை ஒருமுறை பார்த்தால் போதும் என்று ஏங்குகிறவர் ஒருநாள் அந்த வீட்டில் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.