அக்கா நெற்றியில் இல்லாத பொட்டு

மலரு, கதிரு, அழுகின முட்டையை உடைத்தால் வருகிற நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் செல்வி அத்தையை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட எடுத்த போட்டோவில் அந்த நாற்றம் ஒரு வாரம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மலரு, பொங்கலுக்கு எடுத்த உன் படத்தை வீட்டுப் போனில் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி முகத்தைப் பால் மாதிரி ஆக்கி, கிளாஸ் குரூப்பில் போட்டாயே, அப்போது போனைப் பிடுங்கிக் கத்தினேன். "எல்லாரும் போடுறாங்கப்பா, உங்களுக்கு என்ன ப்ராப்ளம்?" என்று அழுதாய். பத்தாவதோடு நின்று ஆபீஸ் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கோபம் வருகிற வேகத்தில் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது தமிழிலேயே படியுங்கள். இதை இந்தியில் சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் என்பதும் இதிலேயே வரும்.

அப்போதும் நாங்கள் இதே தலைநகரத்தில்தான், மந்திர் மார்க் பக்கத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் அப்பா, உங்கள் தாத்தா, ஒரு ஆபீஸில் பியூன். எனக்குப் பன்னிரண்டு வயது, செல்வி அக்காவுக்கு இருபத்திரண்டு. அம்மாவின் குங்கும நிறப் பட்டுப் புடவையைக் கட்டி, நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்து, அக்கா ஒரு கலர் போட்டோ எடுத்துக்கொண்டாள். அப்பா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நேர்ல இருக்கிற மாதிரியேல்ல இருக்கு" என்றார். பாராட்டு இல்லை, குறை. ஏற்கெனவே இரண்டு இடங்களில் "பெண் நிறம் கம்மி" என்று படம் திரும்பி வந்திருந்தது. "கறுப்பு வெள்ளையில போட்டா நிறம் எவனுக்குத் தெரியும்?" என்று ஒருநாள் காலையில் அவருக்குத் தோன்றிவிட்டது, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் படத்தையும் நெகட்டிவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கூட என்னையும் கூட்டிப் போனார், ஏனென்றால் அப்பாவின் இந்தி "அச்சா, ஜல்தி"யைத் தாண்டாது.

கரோல் பாக் சந்தில் ஒரு ஸ்டுடியோ. "பொண்ணு கறுப்பாத் தெரியக்கூடாதுன்னு சொல்லுடா" என்றார் அப்பா. சொன்னேன். ஸ்டுடியோக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, "உன் அக்காவா? தெரிகிறது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை.

முதலில் வந்த படத்தில் அக்கா இன்னும் கறுப்பாக இருந்தாள். "என்னடா இது, தார்ல முக்கி எடுத்திருக்கான்" என்று அப்பா குதித்தார். கறுப்பு வெள்ளைக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாதாம், ஸ்டுடியோக்காரன் சொன்னான். சிவப்பு கலந்த எதுவும் அதில் கறுத்துத்தான் விழுமாம், நம் தோலிலும் சிவப்பு இருக்கிறதாம். அதற்கும் வழி வைத்திருந்தான். கேமரா முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பிடித்து அந்தக் கலர் படத்தையே மறுபடி படமெடுத்தால் சிவப்பெல்லாம் வெளுத்துவிடும். பிறகு "ஹார்டு" காகிதத்தில் போட்டு வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கினான், முடியை இன்னும் கறுப்பாக்கினான். கடைசியில் ஒரு தட்டு மருந்தில் போட்டதும் அக்காவின் முகம் மங்கி மறைந்தது, அடுத்த தட்டில் போட்டதும் தேன் நிறத்தில் எழுந்து வந்தது. அந்த இரண்டாம் தட்டில்தான் முட்டை நாற்றம். "மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி இருக்கு" என்று அப்பா பூரித்துப்போனார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் லைன் பையன்கள் அக்கா தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் "காலி, காலி" என்று கத்துவார்கள், கறுப்பி என்று. அந்தப் படத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன், பெருமையாக.

அக்கா கையில் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தாள். "யாருப்பா இது?" என்றாள். பிறகு படத்தின் நெற்றியில் விரலை வைத்து, "என் பொட்டு எங்க?" என்றாள். அப்போதுதான் கவனித்தோம், சிவப்புக் கண்ணாடி பட்டின் நிறத்தை மட்டும் வெளுக்கவில்லை, நெற்றிக் குங்குமத்தையும் தின்றிருந்தது. "அதையெல்லாம் யாரு உத்துப் பாக்கப்போறா" என்று அப்பா ஜாதகத்தோடு சேர்த்துத் திருச்சியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்.

உற்றுப் பார்த்தார்கள். பத்து நாளில் படம் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதம்: "சுபகாரியத்துக்குப் பொட்டில்லாத பெண்ணின் படத்தை அனுப்பியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு மனசு சரியில்லை. எல்லாரும் கலரில் அனுப்புகிற காலத்தில் உங்களுக்கு மட்டும் கறுப்பு வெள்ளை எதற்கு என்றும் கேட்கிறார்கள்." அப்பா அதைச் சத்தமாக வாசித்து முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "உன்னை யாருடி குங்குமக் கலர்ல கட்டச் சொன்னா?"

அக்கா என் ஸ்கூல் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். படத்தைத் தரையில் வைத்து, அதன் நெற்றியில் எட்டணா அகலத்துக்கு மையால் ஒரு பொட்டு வைத்தாள். "இந்தாங்க, பொட்டு. இப்ப அனுப்புங்க." அப்பா அறைந்தார். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "கடைக்காரன்கிட்ட என்னடா சொன்ன? இந்தியில எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு" என்றாள். அம்மா "வேண்டாண்டி" என்றாள். நான் சொன்னேன். "காலி நஹீ திக்னீ சாஹியே." கறுப்பியாகத் தெரியக்கூடாது. பையன்கள் கத்துகிற அதே வார்த்தை, என் வாயிலிருந்து, வீட்டுக்குள். அதன் பிறகு அவள் என்னிடமும் அப்பாவிடமும் வெகுநாள் பேசவில்லை.

நாலு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த உங்கள் மாமாவை அவளாகவே கட்டிக்கொண்டாள். நேரில் பார்த்த மனுஷன், படம் கேட்கவில்லை. ஜனக்புரியில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் நாம் போகும்போதெல்லாம் யாராவது போனைத் தூக்கினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாளே, அத்தைக்குக் கூச்சம் என்று நீங்கள் சிரிக்கிறீர்களே, அது கூச்சம் இல்லை.

அந்த ஸ்டுடியோ இப்போது மொபைல் கவர் விற்கிற கடை. சிவப்புக் கண்ணாடி போயிற்று, மருந்துத் தட்டு போயிற்று, நாற்றமும் போயிற்று. தொலையட்டும் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அந்த வெளுக்கிற வேலை மட்டும் போகவில்லை. நாற்றமாவது இருந்தால் மனுஷனுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

திங்கட்கிழமை நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு, மயூர் விஹாரின் இந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். போனை எடுத்து உன் படத்தைத் திறந்தேன், மலரு. நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கிற கட்டத்தைத் தேடிப் பிடித்து மெதுவாக நகர்த்தினேன். பாவாடையின் பச்சை வந்தது, கரும்பின் ஊதா வந்தது, உன் நிறம் வந்தது, அது செல்வி அக்காவின் நிறம்தான், கடைசியாக நெற்றியில் அந்தச் சின்ன ஸ்டிக்கர் பொட்டு, குங்கும நிறத்தில். சேமிக்கிற பொத்தான் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். அப்பாவும் இப்படித்தான், அவளைக் கேட்காமல், அவள் படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். விரலை எடுத்தேன். நீ வைத்திருந்த வெளுப்பிலேயே அதை விட்டுவிட்டு, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.