ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு ஆப்சென்ட்

இன்டர்நெட்டுக்கு வருகைப்பதிவு எடுத்த மனுஷி ஒலகத்துலயே தேவகுமாரி டீச்சர் ஒருத்தங்களாத்தான் இருக்கும். அதையும் என் கடையில உக்காந்து, இருக்குற ஆறு கம்ப்யூட்டர்ல ஒழுங்கா ஓடுற மூணாம் நம்பரைப் புடிச்சுக்கிட்டுத்தான் எடுத்தாங்க. வேலியில போன ஓணானை வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டது நான்தான், வேற யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல.

என் பேரு செல்லப்பாண்டி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன். நான் சொல்றது ரெண்டாயிரத்தி ஆறு, ஏழுல. வட்டக்கானலுக்கு வர்ற வெள்ளைக்காரங்ககூடப் பேசிப் பேசி இங்கிலீஷும் வந்துருச்சு, கோவமும் வந்துருச்சு.

டீச்சருக்கு கூக்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. தையல் டீச்சராத்தான் சேந்தாங்க. லைப்ரரி சாவியை யாரும் வாங்க மாட்டேன்னதும் இவங்க கையில திணிச்சுட்டாங்க. அன்னையிலேருந்து அந்தச் சாவி தாலிக்கொடிக்குப் பக்கத்துல ஒரு கறுப்புக் கயித்துல தொங்கும். வீட்டுல குக்கருக்கும் குழம்புச் சட்டிக்கும்கூட நம்பர் போட்டிருக்காங்கன்னு அவங்க வீட்டுக்காரர் ஜெயச்சந்திரன் என்கிட்ட வந்து பொலம்புவாரு. பக்கத்து வீட்டு ஞானம்மா இட்லிச் சட்டி கேட்டு வந்தா, சீட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் சட்டி வெளிய வரும்.

வினை எங்க ஆரம்பிச்சுதுன்னா, திண்டுக்கல்ல ஒருநாள் பயிற்சி. பள்ளிக்கூட நூலகம் பாக்குறவங்களுக்கும் வாத்தியாருங்களுக்கும் உபயோகப்படுற வெப்சைட்டு நாப்பது போட்டு ஒரு தாள் குடுத்து, "இதையெல்லாம் உங்க நூலகத்துல சேத்துக்கங்க"ன்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்க அந்தத் தாளை விசிறியாக்கி வீசிக்கிட்டே பஸ்ஸேறிட்டாங்க. நம்ம டீச்சர் சேத்துட்டாங்க.

சேத்துட்டாங்கன்னா, நெசமாவே சேத்துட்டாங்க. லைப்ரரியில ஆயிரத்து நூத்தி ஆறு புத்தகம் இருந்துச்சு. பதிவேட்டுல அதுக்குக் கீழ ஆயிரத்து நூத்தி ஏழுலேருந்து ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு நம்பர். ஆசிரியர்: தெரியவில்லை. பக்கங்கள்: எண்ணி முடியவில்லை. அட்டை: இல்லை. நிலைமை: நன்று. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு எழுதி, முத்திரை குத்தி, டிராயர்ல அடுக்கியாச்சு.

யாருக்காவது வெப்சைட்டு வேணும்னா அந்தக் கார்டை வாங்கிக்கிட்டு, ஞாயித்துக்கெழமை சந்தைக்குப் பூண்டு மூட்டையோட வரும்போது என் கடைக்கு வந்து பாக்கணும். தவணை ஏழு நாளு. தாமதமானா நாளுக்கு ஒரு அலமாரித் தட்டு துடைக்கணும். ஒருத்தர் எடுத்திருந்தா அவரு திருப்பித் தர்ற வரைக்கும் இன்னொருத்தருக்குக் கெடையாது.

"டீச்சர், ஒரே நேரத்துல ஒலகமே பாக்கலாங்க அதை"ன்னேன்.

"எல்லாரும் சேந்து இழுத்தா வீணாப் போயிராதா தம்பி?"ன்னாங்க.

என்னத்தைச் சொல்ல! கணக்கு வாத்தியார் கந்தவேல் ஒருநாள் கார்டு இல்லாம வந்து புதிர்க்கணக்கு வெப்சைட்டைத் தொறக்கச் சொன்னாரு. எட்டாப்பு பிரியா அதை எடுத்துட்டுப் போயிருக்கு, நாலு நாளு பொறுங்கன்னு அவரைத் திருப்பி அனுப்புனேன். அனுப்புனது யாரு? நான்! என் கடை, என் கம்ப்யூட்டரு, காசு குடுக்க வந்த ஆளை நானே வெரட்டிவிட்டேன். டீச்சர் மேல அவ்வளவு பயம்.

சனிக்கெழமைதான் பிரட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வெள்ளனே ஆளுகளை நிறுத்திப் பேர் கூப்புடுறதுக்கு அதுதான் பேராம். டீச்சர் அங்க பொறந்தவங்க, ஒம்போது வயசுல கப்பலேறி வந்த குடும்பம். ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்து, ஒவ்வொரு வெப்சைட்டா தொறந்து, அது வந்ததும் "உள்ளேன்"னு அதுக்குப் பதிலா இவங்களே சொல்லி டிக் போடுவாங்க. பக்கத்துல சினிமாப் பாட்டு எறக்குற பயலுகளைப் பாத்து, "உஷ், பிரட்டு நடக்குது"ன்னு அதட்டுவாங்க. பயலுகளும் வாயைப் பொத்திக்குவானுங்க.

"வாராவாரம் இது எதுக்குங்க? அது எங்க ஓடிப் போகப் போகுது?"ன்னு ஒருநாள் எரிஞ்சு விழுந்தேன்.

"எங்கப்பா ஒருநாள் வரிசையிலதான் நின்னாரு. கணக்கப்பிள்ளை நிமிந்து பாக்காம ஆப்சென்ட் போட்டுட்டாரு. அன்னைக்கு முழுக்கக் கொழுந்து பறிச்சும் அவரு வராத ஆளுதான்"ன்னாங்க. "அதனால நான் நிமிந்து பாத்துருவேன்."

நான் அடுத்த வெப்சைட்டைத் தொறந்து விட்டேன்.

நாப்பதும் பயிற்சியில குடுத்தது. நாப்பத்தொண்ணாவது, அதான் ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு, டீச்சரே கண்டுபுடிச்சது. எங்கேயோ தப்பா அமுக்கப் போயி அங்க விழுந்தாங்க. நியூசிலாந்துல யாரோ ஒரு அம்மா போட்டு வச்சது. படத்தை அச்செடுத்து, வெட்டி, மடிச்சு ஒட்டுனா அது ஒரு பாடம். நாலு அறையும் தொறந்து மூடுற இதயம், ஆடுற பல்லு, கொப்புளிக்கிற எரிமலை. பிள்ளைக பைத்தியமாயிருச்சுக. கூக்கால் பஸ்ல பத்துப் பிள்ளைக காகிதப் பல்லு மாட்டிக்கிட்டுச் சிரிச்சதுல கண்டக்டர் விசிலை முழுங்கப் பாத்தாரு. மொத்தம் அறுபத்திமூணு தடவை அந்தக் கார்டு வெளிய போயிருக்கு. லைப்ரரியிலேயே அதிகம் ஓடுனது அதுதான்.

ஒரு சனிக்கெழமை அதைத் தொறந்தா வெள்ளையாக் கெடக்கு. பக்கம் இல்லைன்னு ரெண்டு வரி. மறுபடி தொறந்தோம். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டோம். ஒண்ணும் நடக்கல.

டீச்சர் பேனாவைக் கீழ வச்சாங்க. "ஆப்சென்ட்"னாங்க. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

ஏன்னா மூணு வாரத்துல ஸ்டாக் சரிபாக்க நிர்வாகத்துலேருந்து நல்லசாமி வர்றாரு. ஒரு பொருள் குறைஞ்சாலும் சாவியை வாங்கிக்கிட்டு டீச்சரைத் தையலுக்கே அனுப்பிருவேன், அந்த ரூமைச் சாமான் போடுற ரூமாக்கிருவேன்னு முன்னாடியே கடுதாசி போட்டுட்டாரு.

"அவருக்கு என்னங்க தெரியும்? வேற ஏதாவது பக்கத்தைத் தொறந்து இதான்னு காட்டிருவோம்"னேன். நல்ல மனசுலதான் சொன்னேன்.

டீச்சர் பார்த்த பார்வை இருக்கே! "லைப்ரரியில பொய்யா?"ன்னு கேட்டுட்டு, பையிலேருந்து அச்செடுத்த தாளை எடுத்து விரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "தம்பி, அந்தம்மாவுக்கு ஒரு தாமத நோட்டீஸ் டைப் பண்ணுங்க."

"எந்தம்மாவுக்கு?"

"நியூசிலாந்து அம்மாவுக்கு. அச்செடுத்த தாள்ல கீழ மெயில் விலாசம் இருக்கு."

"டீச்சர், அது அவங்க சொந்தப் பொருளு! அவங்க எடுத்தாங்க, அவங்க வச்சுக்கிட்டாங்க. நாம எப்படி நோட்டீஸ் விடுறது?"

"அவங்களோடதா இருந்தா என்ன? நம்ம நம்பர் போட்டாச்சுல்ல?"

தலையில அடிச்சுக்கிட்டே டைப் பண்ணுனேன். பள்ளிக்கூட நோட்டீஸை அப்படியே இங்கிலீஷ்ல போடச் சொன்னாங்க. 'பதிவு எண் 1147 தங்கள் வசம் உள்ளது. உடனே திருப்பி ஒப்படைக்கவும். இது இதுவரை 63 முறை இரவல் தரப்பட்டது, மேலும் நான்கு மாணவர் காத்திருக்கின்றனர். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அலமாரித் தட்டைத் துடைக்க வேண்டும். இப்படிக்கு, நூலகர்.' எனக்கு வெக்கமாப் போச்சு. ஒரு நாட்டுக்கே மானக்கேடுன்னு நெனைச்சேன்.

அடுத்த சனிக்கெழமை ஆப்சென்ட். பதிலும் இல்ல. அதுக்கடுத்த சனிக்கெழமையும் ஆப்சென்ட். பிரட்டு முடிஞ்சு போகும்போது டீச்சர் அந்தச் சாவியைக் கையில வச்சுத் தடவிக்கிட்டே போனாங்க. பாக்கவே சகிக்கல.

மூணாவது சனிக்கெழமை டீச்சரோட நல்லசாமியும் வந்து எறங்குனாரு. புத்தகமெல்லாம் எண்ணி முடிச்சாராம், ஆயிரத்து நூத்தி ஆறும் சரியா இருந்துச்சாம். மிச்சம் நாப்பத்தொண்ணையும் கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு பதிவேட்டோட கெளம்பி வந்துட்டாரு. மழைன்னா மழை. ரெண்டு தடவை கரண்டு போச்சு. மனுஷன் அசையலையே! ஒவ்வொண்ணும் வர்ற வரைக்கும் உக்காந்து, மேல கீழ பாத்து, "அட்டை இல்லை, சரி"ன்னு டிக் போட்டாரு. என்னடா இது, இப்படி இன்னொரு ஆளும் ஒலகத்துல உண்டான்னு இருந்துச்சு எனக்கு.

ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு, டிக்.

"அடுத்தது"ன்னாரு. சட்டைப் பையிலேருந்து செவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழட்டினாரு. ஏற்கெனவே டீச்சர் மூணு வாரம் ஆப்சென்ட் போட்டதைப் பதிவேட்டுல பாத்துட்டாரு போல. டீச்சர் கழுத்துலேருந்து சாவிக் கயித்தைக் கழட்டி மேசை மேல வச்சுட்டாங்க.

முருகா, முருகான்னு நான் அமுக்குனேன். வெள்ளையா நிக்குது. நிக்குது. அப்புறம் மேலேருந்து கொஞ்சங் கொஞ்சமா ஒரு எழுத்து எறங்குச்சு. பெரிய எழுத்து. 'பதிவு எண் 1147. திருப்பி ஒப்படைக்கப்பட்டது'ன்னு இங்கிலீஷ்ல! அதுக்குக் கீழ இதயம், பல்லு, எரிமலை எல்லாம் வரிசையா வந்து நிக்குது.

"உள்ளேன்!"னு கத்துனது நான்தான். பாட்டு எறக்குற பயலுக கை தட்டுனானுங்க.

"ஒப்படைக்கப்பட்டதுன்னா? யார்கிட்டேருந்து?"ன்னு நல்லசாமி மொறைச்சாரு. டீச்சர் அவசரமா தன்னோட மெயிலைத் தொறந்தாங்க. வியாழக்கெழமை வந்து கெடக்குது கடுதாசி. நான் படிச்சுப் படிச்சுத் தமிழ்ல சொன்னேன்.

'அன்புள்ள நூலகர் அவர்களுக்கு, என் பெயர் ஹேசல். நானும் பள்ளிக்கூட நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவி ஒன்று உண்டு. இரண்டு வருஷமாக அதில் வேறு யாருமே இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஒரு ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை சில நேரம் இன்னொன்று. இவ்வளவு ஒழுங்காக மனுஷர் வர மாட்டார்கள், ஏதோ மெஷின் என்று நினைத்தேன். ஒரு மெஷினுக்காக எதற்கு நடத்துவது என்று மூடிவிட்டேன். உங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். தாமதம் பத்தொன்பது நாள். என் வீட்டில் பத்துத் தட்டுதான் இருக்கிறது, ஒன்பதை இரண்டாம் முறை துடைத்தேன். இது செல்லுமா?'

வெளிய மழையைப் பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டேன். நல்லசாமி செவப்புப் பேனாவை மூடிட்டு நீலப் பேனாவுல டிக் போட்டாரு. போட்டுட்டு, தன் பேத்திக்கு அந்தப் பல்லு கெடைக்குமான்னு மெதுவாக் கேட்டாரு. நாலு பேர் காத்திருக்காங்க, அஞ்சாவதா எழுதிக்கிறேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க.

அப்புறம் சாவியை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு, முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு என்கிட்டத் திரும்புனாங்க.

"பதில் டைப் பண்ணுங்க தம்பி. ஒரே தட்டை ரெண்டு தடவை துடைச்சது விதிப்படி செல்லாது. இந்த ஒருவாட்டி விடுறேன்னு போடுங்க."

போட்டேன்.

"அப்புறம் இதையும் போடுங்க. சனிக்கெழமை வர்றது மெஷின் இல்ல. நான்தான், தேவகுமாரி. அடுத்த சனிக்கெழமையும் வருவேன்."