அளவு மிஷினுக்கு வைஃபை போட்ட வாரம்

என் வாய் எப்போதும் என்னைவிட இரண்டு எட்டு முன்னால் போகும். அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் போனது. முதலாளி கேட்ட கேள்வியை நான் முழுசாகக் காதில் வாங்குவதற்குள் என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வைஃபைல போட்டுடறேன் பாய்."

எதைப் போடுவது என்று சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் பக்கம் அதைத் தோல் ஷாப் என்பார்கள், என்னைச் 'சிஸ்டம் மேடம்' என்பார்கள். மேடம் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், ஏ.சி. ரிமோட் தொலைந்தாலும் கூப்பிடுவார்கள்.

சாயமேற்றி, மெருகேற்றி முடிந்த தோல்கள் கடைசியாக அளவு மிஷினுக்கு வரும். ஒரு பக்கம் தோலை விரித்து நுழைத்தால், இத்தனை சதுர அடி என்று மறுபக்கம் சொல்லிவிடும். அந்த மிஷினோடு கூடவே வந்த கம்ப்யூட்டர் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 98. வாங்கியபோது வெள்ளையாக இருந்ததாம், இப்போது ஸ்ட்ராங் டீ நிறம். மிஷின் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அட்டை அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்த அட்டை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் உட்காராது. அதனால்தான் இத்தனை வருடமும் யாரும் அதை மாற்றவில்லை.

அது போடும் அளவுப் பட்டியலை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஆபீசுக்கு ஓடுவது வழக்கம். ஆபீசில் ஃபிளாப்பி போடும் கடைசி கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டது. பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து, ஆபீசில் திரும்பவும் டைப் அடித்தார்கள். ஒருவர் எட்டை மூன்றாக அடித்து வைக்க, வெளிநாட்டிலிருந்து கோபமாக ஒரு மெயில் வந்தது.

"இந்த பேஜாரே வேணாம்," என்றார் முதலாளி. "மிஷினு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் தூக்கிட்டு புதுசு போட்டுடறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஷின்காரன் வர்றான். இல்ல, ஆபீஸ் வைஃபைல இதுலேர்ந்தே லிஸ்ட் அனுப்ப முடியுமா?"

அப்போதுதான் என் வாய் முந்திக்கொண்டது. அது முந்தியதற்கும் காரணம் இருந்தது. எனக்குப் பக்கத்திலேயே அளவு மிஷின் அக்கா நின்றிருந்தார்.

அக்கா இதற்கு முன் எட்டு வருடம் பஃபிங்கில் இருந்தவர். தோலை உப்புத்தாள் உருளையில் தேய்த்து மென்மையாக்கும் இடம் அது, பறக்கிற தூசியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. அக்காவுக்கு இளைப்பு வந்துவிட்டது. தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கெஞ்சிக் கூத்தாடி அளவு மிஷினுக்கு மாறி வந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை, தூசி இல்லை. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்தவர், இரண்டே மாதத்தில் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். புது மிஷினுக்குத் தனியாக ஆள் வேண்டாம், தோலை நுழைப்பவரே பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். அப்படியானால் அக்கா மறுபடியும் பஃபிங்குக்குத்தான் போக வேண்டும்.

முதலாளி நகர்ந்ததும் அக்கா கேட்டார்: "நெசமாவே முடியுமாம்மா?"

"இது இன்னா பெரிய விஷயம்க்கா!" என்றேன். என் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், எப்படிச் செய்வது என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

சிக்கல் இதுதான். இன்றைய வைஃபைக்குப் போட்டிருக்கும் பூட்டு, அந்தக் கம்ப்யூட்டர் பிறந்த காலத்தில் கிடையாது. பாஸ்வேர்டைக் கையில் கொடுத்தாலும் அதற்குத் திறக்கத் தெரியாது. பூட்டை எடுத்துவிடலாமே என்றார் ஆபீஸ் கிளார்க். எடுத்தால் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எங்கள் கணக்கில் படம் பார்ப்பார்கள், விலைப் பட்டியலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து புதிதாக எதையாவது சொருகலாம் என்றால் உள்ளே ஓர் ஓட்டைகூட காலியில்லை. பின்பக்கம் மட்டும் பழைய டெலிபோன் மோடம் மாட்டும் துளை ஒன்று சும்மா கிடந்தது.

அதைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் அக்கா பயந்துவிட்டார்.

அந்தத் துளைக்கென்றே ஒரு சின்ன போர்டு விற்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டரிடம் 'நான் டெலிபோன் மோடம்' என்று கூசாமல் பொய் சொல்லும். அந்தப் பக்கம் வைஃபையிடம் திரும்பி, இன்றைய பூட்டை இன்றைய முறையில் திறக்கும். கம்ப்யூட்டர் ஏதோ போன் போடுவதாக நினைத்துக்கொண்டிருக்க, பட்டியல் காற்றில் போய்விடும். உருதும் தமிழும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று இரண்டு பேரையும் பேச வைப்பதுபோல என்று அக்காவுக்கு விளக்கினேன். "நம்ம மேஸ்திரி மாதிரின்னு சொல்லு," என்றார்.

போர்டு புதன்கிழமை காலை கூரியரில் வந்தது. மாட்டினேன், பாஸ்வேர்டு கொடுத்தேன், டெலிபோன் எண்ணுக்குப் பதிலாக ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகவரியைப் போட்டு 'டயல்' என்றேன். கறுப்புத் திரையில் 'கனெக்ட்' என்று ஒரே ஒரு சொல் வந்தது. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக ஞாபகமில்லை.

"அக்கா, நீங்க பட்டன அழுத்துங்க, நான் போய்ப் பாக்கறேன்!" என்று முற்றத்தில் ஓடினேன். தோல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று என் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஆபீஸ் திரையில் பட்டியல் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு எண்கூடப் பிசகவில்லை. திரும்ப ஓடி வந்து, "இப்ப நீங்க போய்ப் பாருங்கக்கா!" என்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் ஓடினார். ஒரே பட்டியலைப் பதினோரு முறை அனுப்பினோம். பன்னிரண்டாவது முறை, அக்கா தானாகவே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'saptiya' என்று அடித்து அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் கிளார்க் ஓடி வந்து, "கம்ப்யூட்டர் என்ன சாப்டியான்னு கேக்குது மேடம்!" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

இதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளும் உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. டி.வி. ரிமோட்டுக்குத் தோல் உறை, கேஸ் லைட்டருக்குத் தோல் உறை, மூக்குக் கண்ணாடிக்கும் ரேஷன் கார்டுக்கும் தோல் உறை. துண்டுத் தோல் எல்லார் வீட்டிலும் கிடக்கும், தைக்கத் தெரிந்தவர் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். எங்கள் வீட்டு மிக்சியே சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்கும். அப்படியிருக்க, தன் சோற்றைக் காப்பாற்றப்போகிற போர்டு அம்மணமாக மேஜைமேல் கிடப்பதை அக்காவால் தாங்க முடியவில்லை. சாம்பிள் பிரிவில் இருக்கும் தோழியிடம் சொல்லி, வியாழக்கிழமை சாயந்திரம் அதற்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தார். சாதாரணத் தோலா? பெண்கள் செருப்புக்கென்று ஏற்றுமதியாகும் வெள்ளித் தோல். ஒயர் மட்டும் வெளியே வர, சுற்றிலும் இரட்டைத் தையல். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போலிருந்தது.

"சூப்பர்க்கா!" என்று தட்டிக்கொடுத்து, போர்டை அதற்குள் போட்டவள் நான்தான். இன்ஜினீயரிங் படித்த நான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். அக்கா புதுச் சேலையில் இருந்தார். நான் டயல் செய்தேன். 'நோ கேரியர்' என்று வந்தது, அதாவது லைன் கிடைக்கவில்லை. இன்னொரு முறை செய்தேன், மறுபடியும் அதுவேதான்.

"கேரியரு வர்லயா? சாப்பாடு இல்லியா?" என்று மேஸ்திரி கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரைக் கழற்றி மாட்டினேன். ஆபீசுக்கு ஓடி அங்கேயும் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். வைஃபை என் போனில் முழுசாக வந்தது. கிளார்க்கைத் திட்டினேன். அவர் பாவம், பக்கத்திலேயே வரவில்லை. அக்கா சேலை முந்தானையால் திரையைத் துடைத்துத் துடைத்து விட்டார்.

முதலாளி வாட்சைப் பார்த்தார். "ஜும்மா முடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள ஆச்சுன்னா பாப்போம். ரெண்டரைக்கு மிஷின்காரன் வர்றான்மா, அவன நிக்க வெக்க முடியாது."

மற்றவர்கள் தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாகக் கலைந்தார்கள். அக்காவும் நானும் மட்டும்தான். என் வாய்மீது எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் வேறு இடமாவது கேட்டுப் பார்த்திருப்பார். "என்ன மன்னிச்சுடுங்கக்கா," என்றேன், அழுகை வந்துவிட்டது.

"சீ, அழாத. எம் மாமியா போன் பண்ற நேரம், ஒருவாட்டி பாத்துக்கறேன்," என்று இடுப்பிலிருந்து ஒரு பையை எடுத்தார். அதே வெள்ளித் தோலில் தைத்த செல்போன் பை. போனை வெளியே எடுத்ததும் டிங் டிங் என்று ஐந்தாறு செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன.

"இத்தனயும் இப்பதான் வருதாக்கா?"

"இதுல போட்டுட்டா ஒரு காலும் வராதும்மா. வேலைக்கு வர்றப்ப அதுக்குன்னே இதுல போட்டுக்கினு வருவேன். மாமியா தொல்ல இல்ல, நிம்மதி."

அந்தப் பையையே பார்த்தேன். "திரும்ப உள்ள போடுங்க," என்றேன். போட்டார். என் போனிலிருந்து அவர் எண்ணை அழுத்தினேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது குரல். வாடிக்கையாளர் என் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளித் தோல் வெள்ளியாக இருப்பது சும்மா இல்லை. மெல்லிய அலுமினியப் படலத்தை அழுத்தி ஒட்டித்தான் அந்த மினுமினுப்பு. அதைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு வைஃபையை உள்ளே அடைத்து வைத்துவிட்டு, நான் காலையிலிருந்து உலகத்தையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கத்திக்கா! கத்தி!"

தோல் ஓரம் சீவும் கத்தியால் உறையைக் கிழித்தோம். அத்தனை அழகான தையல், ஆனால் அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. போர்டு வெளியே வந்தது. டயல் செய்தேன். 'கனெக்ட்.'

அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

இரண்டு மணிக்கு முதலாளி தொப்பியோடு நேராக மிஷினுக்கு வந்தார். அக்கா பொத்தானை அழுத்தினார். கிளார்க் அச்செடுத்த தாளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் ஓடி வந்தார். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மிஷின் பட்டியலோடு ஒப்பிட்டார். கடைசிக் கூட்டுத்தொகையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு போர்டைக் குனிந்து பார்த்தார்.

"இது இன்னாமா இப்படி தொறந்து கெடக்குது? நம்ம ஷாப்ல தோலுக்கா பஞ்சம்? நல்லதா ஒரு கவர் தெச்சுப் போடு."

"வேணாம் பாய்!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்வாங்கினார். விஷயத்தைச் சொன்னதும், சிரிப்பு தாங்காமல் மிஷினைப் பிடித்துக்கொண்டார். சிரித்தபடியே போனை எடுத்து மிஷின்காரரை அழைத்தார். "வர வேணாம்பா. இல்லப்பா, ரேட்டு கம்மி பண்ணாலும் வேணாம். நம்மளுதே ஓடுது." அன்று சாயந்திரமே போர்டை ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் வைத்து மூடினேன்.

அவர் போன பிறகும் அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"எதுக்கு ஓடற? இது சிரிச்சு வந்ததும்மா," என்றார். "அந்த எளப்பு எனக்குத் தெரியாதா?"

தண்ணீரைக் குடித்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து நாற்காலியை இழுத்தார். காலையிலிருந்து அவர் அதில் உட்காரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார், பிறகு பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா, அடுத்த லாட் எங்க? அனுப்பு."