கை நடுங்கினால் திறக்காத டப்பா

இந்த நேரத்தில் போஸ்ட் போடுவதற்கு மன்னிச்சுக்குங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினாள்.

என் வீட்டுக்காரர் இன்சுலின் போடறவர். வேலை உப்பளத்துல. வெயிலில் திடீர்னு சர்க்கரை இறங்கிட்டா உடனே வாயில் போட, குளுக்கோஸ் பொடியைக் காகிதத்தில் மடிச்சு பாக்கெட்டில் வெச்சு அனுப்புவேன். உப்புத்தண்ணி பட்டு அது கூழாகிடும்.

அதனால போன வாரம் மரக்காணத்தில் திருகு மூடி போட்ட சின்ன டப்பா ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர் வாளித் தண்ணியில் முக்கியே காட்டினார். "ஒரு சொட்டு உள்ள போகாதும்மா." எனக்கும் நிம்மதி.

இன்னைக்கு மதியம் அவருக்கு சர்க்கரை இறங்கிடுச்சு. கை நடுங்குது, மூடி திரும்பவே இல்லை. மரையில் உப்பு வேற ஏறி இறுகிக் கிடந்திருக்கு. பக்கத்துப் பாத்தியில் இருந்த செல்வி அக்கா ஓடிவந்து, பல்லால் கடிச்சுத் திருகித் திறந்திருக்காங்க.

அவரை வீட்டில் விட வந்தப்ப டப்பாவை என்கிட்ட நீட்டினாங்க.

"ஏம்மா, காலேஜ் படிச்ச பொண்ணுதானே நீ? தண்ணி உள்ள போகுமான்னு பார்த்தியே, தம்பியால திறக்க முடியுமான்னு பார்த்தியா?"

அவர் படுத்துக்கிட்டே சொல்றார், "ஆனா பொடி நனையவே இல்ல, பாரேன்."

எனக்குச் சிரிப்பு வரல.

நாளைக்கு ஒரு நாள்தான் லீவு போட ஒத்துக்கிட்டார். தண்ணியும் போகாம, நடுங்கற ஒத்தைக் கையால திறக்கவும் முடியற டப்பா எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. போய் வாங்கிட்டு வரணும், சீக்கிரம் பதில் போடுங்க.