அத்தையின் பாரிஸ்

அந்த வருடம் எங்கள் வீட்டில் மாட்டியிருந்தது உலகச் சுற்றுலாக் காலண்டர். அரியலூரில் அப்பா சிமெண்ட் வாங்கிய கடையில் கொடுத்தது. மாதத்துக்கு ஓர் ஊர். ஜனவரியில் சுவிட்சர்லாந்து, பிப்ரவரியில் எகிப்து, மார்ச்சில் நயாகரா. படத்துக்குக் கீழே அந்த ஊரில் என்ன பார்க்கலாம், எந்தக் காலத்தில் போகலாம், என்ன துணி எடுத்துப் போகலாம் என்று நாலு வரி தமிழில் போட்டிருந்தார்கள். குன்னத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் சோளமும் வெங்காயமும் போடுகிற குடும்பத்துக்கு நயாகராவில் மழைக்கோட்டு அவசியம் என்று சொல்லிவைத்த அந்தக் கடைக்காரரின் அக்கறையை இன்றும் மெச்சுகிறேன்.

அந்தக் காலண்டரை நம்பிக்கையோடு படித்தவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒன்று நான், ஆறாம் வகுப்பு. இன்னொன்று அத்தை, அப்பாவின் தங்கை. முந்தைய தீபாவளி கழிந்து ஒரு மாதத்தில், குரும்பலூரில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியும் தையல் மிஷினுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா வெளியூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார், வீடு பார்த்ததும் கூட்டிக்கொண்டு போவார் என்று சொன்னார்கள். பிள்ளைகள் இல்லை. வந்த புதிதில் அத்தை யாரோடும் அதிகம் பேசவில்லை. எதைக் கேட்டாலும் 'ம்' என்பாள்.

அத்தையைப் பேச வைத்தது காலண்டர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அவளும் ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்புவோம். சமயபுரத்தையும் வேளாங்கண்ணியையும் தாண்டி எங்கும் போகாதவள், உலகத்தைச் சுற்றுவதில் மகா கறார். எகிப்தை ஒரே பேச்சில் தள்ளிவிட்டாள். "வெயிலும் பொட்டலும் பார்க்க அவ்ளோ தூரம் போவணுமாக்கும். வாசல்ல வந்து நின்னா போதாதா?" நயாகராவில் துணி காயாது என்று இரண்டு நாள் யோசித்தாள். சுவிட்சர்லாந்தில் மட்டும் பதினைந்து நாள் தங்கலாம் என்று முடிவாயிற்று. அங்கே புல் அப்படிப் பச்சையாக இருந்தது. எங்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகலாமா என்று நான் கேட்டதற்கு, மாட்டுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று மறுத்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தேன்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், "மாமா எந்த ஊர்ல அத்த இருக்காரு?" என்று கேட்டேன். மிஷினில் ஊசி கோத்துக்கொண்டே, "பாரிஸ்ல," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் காலண்டரைப் புரட்டினேன். ஏப்ரல் மாதத்தில் இரும்பால் கட்டிய அந்த உயரமான கோபுரம், பக்கத்தில் ஆறு, கீழே 'பாரிஸ், பிரான்ஸ்' என்று கொட்டை எழுத்து. காலண்டரையே கழற்றி எடுத்துவந்து அவள் மடியில் வைத்து, "இந்த ஊரா?" என்றேன்.

அத்தை படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அதான்னு வச்சுக்கயேன்," என்றாள்.

நான் வச்சுக்கொண்டேன். எனக்குள் மட்டும் வச்சுக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் வகுப்பில் துபாய்க்கு அப்பாவை அனுப்பிய பெண் ஒருத்தி இருந்தாள். சிங்கப்பூரில் சித்தப்பா, குவைத்தில் பெரியப்பா என்று இன்னும் ஏழெட்டுப் பேர். பாரிஸ் யாருக்கும் கிடையாது. மறுநாளே துபாய்க்காரியின் செல்வாக்கு சரிந்தது. சமூக அறிவியல் டீச்சர் பிரான்ஸ் பாடம் எடுக்கும்போது என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, ஒரு வாரத்தில் மாமா பாரிஸ் போன செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அது அத்தைக்கு என்ன செய்தது என்பதை அந்த வயதிலேயே என்னால் பார்க்க முடிந்தது. அதற்கு முன்னால் ஒரு வளைகாப்புக்கு அவளோடு போயிருந்தேன். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து வளையல் போடும்படி கூப்பிட்டார்கள். அத்தையைக் கூப்பிடவில்லை. புருஷன் எங்கே என்று சரியாகத் தெரியாதவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்ற குழப்பம் போல. அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்து என் தலையைப் பின்னி அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். பாரிஸுக்குப் பிறகு நடந்த வளைகாப்பில் மூன்றாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் மகனுக்கு அங்கே ஒரு வேலை சொல்லி வைக்கச் சொன்னார். "தம்பிக்கு அந்தக் குளிரு தாங்காதுக்கா," என்று அத்தை முகம் மாறாமல் பதில் சொன்னாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உண்மை தெரியும். "ஏம்மா இப்படி?" என்று அம்மா கிசுகிசுத்ததும், "புள்ள ஏதோ சொல்லிட்டுத் திரியுது, வுடுங்க அண்ணி," என்று அத்தை சொன்னதும் என் காதில் விழுந்தன. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியவர்கள் அப்படித்தான், காரணமில்லாமல் துண்டை உதறுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடம் முடிந்தும் அந்தக் காலண்டரைக் கழற்றவில்லை. பொங்கல் வந்தது, போனது. மாமா வரவில்லை. அவர் வராத இரண்டாவது பொங்கல் அது. பிரான்ஸிலிருந்து வருவதென்றால் சும்மாவா என்று ஊரே சொல்லிற்று. நானும் சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் எங்களைச் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். வண்டலூரில் புலி தூங்கிக்கொண்டிருந்தது. மியூசியத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லையே கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். சாயங்காலம் கடற்கரை. முட்டிவரை நனைந்து, மணலோடு ரோட்டுக்கு வந்து எங்கள் பஸ்ஸுக்காக நின்றோம். அங்கே வரிசையாக ஆட்டோக்கள். ஓர் ஆட்டோக்காரர் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கூவினார்:

"பாரிஸ், பாரிஸ், பாரிஸ்..."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டி காலி மீன்கூடையோடு அதில் ஏறி உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பையன்கள் ஏறினார்கள். விசா இல்லை, கோட்டு இல்லை, மீன்கூடையோடு பாரிஸ்.

கிட்டே போய், "அண்ணே, எந்த பாரிஸ்?" என்றேன்.

"எத்தினி பாரிஸ்மா கீது? ஐகோர்ட்டாண்ட. வர்றியா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"டிராபிக் இல்லன்னா பத்து நிமிசம்."

எனக்குப் பின்னால் துபாய்க்காரி நின்றிருந்தாள். அவள் முழுவதையும் கேட்டிருந்தாள். அதற்கப்புறம் பஸ்ஸில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. விழுப்புரம் வரை, மூன்று பேர் சேர்ந்தாற்போல ஜன்னலைத் திறந்து 'பாரிஸ், பாரிஸ்' என்று கூவிக்கொண்டு வந்தார்கள். அவமானத்தில் சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மாமா பிரான்ஸில் இல்லை. இதோ, இந்த ரோட்டின் அந்த முனையில்தான் இருக்கிறார். அத்தைக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? பாவம், அவளும் என்னைப் போலவே ஏமாந்திருக்கிறாள். அவமானம் போன இடம் தெரியவில்லை. எப்போது ஊர் வரும் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வெங்காயக் குவியலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையும் நடுவில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இருந்தார். தூங்கி எழுந்த கண்ணோடு நான் வாசலுக்கு ஓடினேன்.

"அத்த, மாமா பிரான்ஸ்ல இல்ல. மெட்ராஸ்லயே பாரிஸ்னு ஒரு இடம் இருக்கு. அங்கதான் இருக்காரு. நான் பார்த்தேன், ஆட்டோவே போவுது. காலையில பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்கு இங்க வந்துரலாம்."

ஊருக்கே கேட்கும்படிதான் சொன்னேன். பன்னிரண்டு கைகளும் நின்றுவிட்டன. அத்தையின் முகம் அப்படி வெளுத்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அது சந்தோஷ அதிர்ச்சி என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேலி செய்யவில்லை. சத்தியமாக ஒன்றும் விளங்காமல்தான் கேட்டார்.

"மெட்ராஸ்லயா? அப்ப ரெண்டு பொங்கலா ஏன் வரல?"

அத்தை மறுபடி குனிந்து அறுக்கத் தொடங்கினாள். தாளோடு சேர்த்து வெங்காயத்தையும் இரண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிடித்த இடம் கன்றிப்போயிற்று.

அந்த வாரமே அப்பாவும் அத்தையும் சென்னைக்குக் கிளம்பினார்கள். அதுவரை, அவரே வரட்டும் என்று அப்பாவை அத்தை தடுத்து வைத்திருந்தாளாம். இப்போது ஊர் கேட்க ஆரம்பித்துவிட்டது. அத்தை கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். சுவிட்சர்லாந்துக்குப் பதினைந்து நாள் திட்டம் போட்டவள், முதல்முறையாக விழுப்புரத்தைத் தாண்டப் போகிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னென்ன பார்த்தாய் என்று வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் நோட்டும் பேனாவுமாக அத்தையைப் பிடித்துக்கொண்டேன். வாக்குத் தவறாமல் சொன்னாள். ஐகோர்ட்டு செக்கச்செவேல் என்று இருக்கிறது. சந்து சந்தாகக் கடை, ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சாமான். ஒரு சந்து முழுக்கக் கண்ணாடி வளையல். மனிதத் தலைகளில் ரோடே தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"மாமாவைப் பார்த்தியா?"

"அவரு வேல பாக்குற கடை லீவு," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "கேட்டுட்டுப் போவக் கூடாதா அத்த? சிறுவாச்சூர் கோயிலுக்கே திங்கக்கிழமை, வெள்ளிக்கிழமைன்னு தொறக்குற நாள் பார்த்துத்தானே போறோம். அடுத்த தடவை தொறந்திருக்குற நாளாப் பார்த்துப் போ."

"தப்புதான். கேட்டுட்டுப் போயிருக்கணும்," என்றாள் அத்தை. மடித்து வைக்க வேண்டிய புடவையை மடித்தாள்.

இன்று திருச்சியில் ஒரு டிராவல்ஸில் உட்கார்ந்து, புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு நான் பாரிஸுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கடை அன்றைக்கு லீவு இல்லை என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள். திறந்துதான் இருந்ததாம். மாமாவின் பெயரைச் சொல்லி அப்பா கேட்டதும், வாசலில் இருந்த ஆள் உள்ளே போய்விட்டு வந்து, அவர் வெளியே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றாராம். எதிர்க்கடைப் படியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமிக்கொண்டே இருந்தார்களாம். ஒன்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல். "கடை லீவுன்னே சொல்லிக்கலாம்ணே," என்று சொல்லிவிட்டு முதலில் எழுந்தவள் அத்தைதானாம்.

பிரான்ஸில் இருக்கிற ஒருவர் பொங்கலுக்கு வரவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தூரம்தான் காரணம். மெட்ராஸிலிருந்து பெரம்பலூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. நான் விளையாட்டாகக் கொடுத்த தூரத்தில் அத்தை ஒரு வருடம் நிம்மதியாகக் குடியிருந்திருக்கிறாள். ஊருக்கு மட்டுமில்லை, தனக்கும் அதையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அதை அவள் கையிலிருந்து பிடுங்கியது நான்தான். அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் அவள் போகவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? மாமாவை இவ்வளவு பக்கத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தும் ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று, இரண்டு நாள் அத்தையோடு பேசாமல் இருந்தேன்.